குழகருக்குத் துணையாக வரும் பறவைகள்

வேதாரண்யத்திலிருந்து தெற்கே செல்லும் சாலை, கோடியக்காட்டைக் கடந்து கோடியக்கரைக் கடலோரத்தில் முடிகிறது. ஆடி அமாவாசையன்றும் தை அமாவாசையன்றும் திரளான அன்பர்கள் இங்கே நீராடிப் பிதுர்க்கடன் செலுத்துகின்றனர். வழியில் குழகர் தரிசனம். பிறகு வண்டி ஏறி ஊர் திரும்புதல். தையில் வருவோருக்கு இன்னுமொரு பேறு இங்கே காத்திருக்கிறது. பெரும்பாலோர் அதைக் காணாமலே திரும்பிவிடுகின்றனர்.

சேரமான் பெருமாளோடு இத்தலத்துக்கு வந்த சுந்தரர், காற்று மோதும் கடற்கரையில் இறைவன் துணையின்றி இருப்பதைக் கண்டு உள்ளம் உருகிப் பாடினார். காட்டில் ஆந்தையும் கூகையும் குழறும் ஓசைகூட அப்பதிகத்தில் இடம்பெற்றுள்ளது. அந்தத் தனிமைக்கு ஐப்பசி முதல் பங்குனி வரை துணை உண்டு. சதுப்பு நிலத்திலும் உப்பளங்களிலும் பூநாரைகளும் கரண்டிவாயன்களும் உள்ளான்களும் வந்து இறங்கும் காலம் அது. கொசு உள்ளான் என்னும் சிறு பறவையின் எடை ஏறத்தாழ 25 கிராம். ஒரு கைப்பிடி அரிசியின் கனம்கூட இராது. அது சைபீரியாவின் வட எல்லையில் குஞ்சு பொரித்துவிட்டு இத்தனை தூரம் பறந்து வருகிறது. காசி யாத்திரை சென்று வந்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நாம் சற்று அடங்கத்தான் வேண்டும்!

இவ்விடம் 1967இல் வனவிலங்கு சரணாலயமானது. 2002இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் காட்டு மரங்களைச் சாய்த்தபோதும் பறவைகளின் வருகை நின்றுவிடவில்லை.

ஒரு தை அமாவாசைக்கு மறுநாள் காலை, முதியவர் ஒருவர் மனைவியுடனும் பேரனுடனும் சதுப்பின் ஓரமாக நடந்தார். அம்மையாருக்கு முழங்கால் வலி. பத்தடிக்கு ஒருமுறை நிற்க வேண்டியிருந்தது. அதுவே நல்லதாயிற்று. விரைந்து நடப்பவர் கண்ணில் படாத உள்ளான் கூட்டம், நின்றவர் கண்ணுக்குச் சேற்றின் நிறத்திலிருந்து மெல்லப் பிரிந்து தெரிந்தது. அப்பால் ஆழமற்ற நீரில் பூநாரைகள், அலகைத் தலைகீழாக அமிழ்த்தி நீரை அரித்து உண்டுகொண்டிருந்தன.

அவை பறந்தால் சிறகின் சிவப்பு தெரியும் என்று எங்கோ கேட்டிருந்த பேரன், கை தட்டப் போனான். தாத்தா அவன் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

“பந்தியில் உட்கார்ந்தவர்களை எழுப்பலாமா அப்பா?”

“திரும்ப வந்து சாப்பிடுமே தாத்தா?”

“வரும். ஆனால் சாப்பிட்டது பறப்பதிலேயே தீர்ந்துபோகும்.”

அவர் சொன்னது வெறும் உவமை அன்று. வடக்கே திரும்பும் உள்ளான்கள் புறப்படுமுன் உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நெடும்பயணத்துக்கு அதுவே கட்டுச்சோறு. யாரோ அருகே சென்று விரட்டும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு பிடி குறைகிறது.

பேரன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். அரை மணி நேரத்துக்குப் பின் பூநாரைகள் தாமாகவே எழுந்தன. அம்மையார் தம்மை அறியாமல் கைகூப்பினார்.

சரணாலயத்துக்குள் மணல்மேட்டின் மீது ராமர் பாதம் உள்ளது. இலங்கையை நோக்கி ராமபிரான் நின்ற இடம் என்பது ஐதிகம். வனத்துறையின் அனுமதி பெற்றுச் செல்ல வேண்டும். வெயில் ஏறுமுன் செல்வது முதியோர்க்கு நலம். பறவைகளும் அப்போதுதான் மேய்ச்சலில் இருக்கும். வழியில் குரங்குகள் கை நீட்டும். பிரசாதமே ஆனாலும் கொடுக்க வேண்டாம். பாலைப் பழம் தின்று வளர்ந்த காடு வாழ் உயிர்கள் அவை.