அக்னித் தலத்தில் சூடு தெரியாத கார்

திருவண்ணாமலை அக்னித் தலம். சித்திரை வெயிலில் தேரடி வீதியில் செருப்பில்லாமல் நாலு எட்டு வைத்துப் பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை :) அந்த ஊரில், சூடு எவ்வளவு என்று தெரியாமல் ஒரு டீசல் கார் படுத்துக்கொண்ட கதை இது.

காருக்குச் சொந்தக்காரர் டாக்ஸி ஓட்டுகிறவர். ரயில்வே ஸ்டேஷனிலிருந்து ஆசிரமம், பஸ் ஸ்டாண்டிலிருந்து லாட்ஜ் என்று எல்லாமே குட்டிக் குட்டி சவாரிகள். பௌர்ணமி வந்தால் ஊரே கிரிவலக் கூட்டம், கார் நடக்கிறவர்களை விட மெதுவாகத்தான் ஊரும். ஒருநாள் செக் இன்ஜின் லைட் எரிந்தது. இரண்டு நாளில் வண்டி இழுக்கவே மாட்டேன் என்றது. ஒரு ஒர்க்ஷாப்பில் கோடை அழித்துக் கொடுத்தார்கள். மறுநாள் காலை லைட் திரும்ப வந்தது. அடுத்த தடவை போனபோது, "ஃபில்டர் போச்சுண்ணே, மொத்தமா மாத்தணும், ஒரு லட்சத்துக்குப் பக்கத்துல ஆவும்" என்றார்கள். வண்டிக்கு இன்னும் இரண்டு வருஷம் தவணை பாக்கி. மனுஷன் அன்று சாப்பிடவே இல்லையாம்.

அது என்ன ஃபில்டர்? 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் பிஎஸ் 6 விதி. பிஎஸ் 4-ல் ஒரு டீசல் கார் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் கரித்துகள் விடலாம், இப்போது 4.5 தான். அதற்காகத்தான் புகை போகிற வழியில் டிபிஎஃப் என்ற பீங்கான் ஃபில்டர். கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்தது நிறைந்தால் கூடுதலாகக் கொஞ்சம் டீசலைச் செலுத்தி, புகையின் சூட்டை 600 டிகிரி அளவுக்கு ஏற்றி எரித்துவிடும். குப்பை சேர்ந்ததும் கொளுத்துகிற மாதிரி. ஆனால் அளவு தாண்டினால் பீங்கானே உருகும். அதனால் வழியில் வெப்பநிலை சென்சார்கள் வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று உளற ஆரம்பித்தால், கம்ப்யூட்டர் "எனக்கெதுக்கு வம்பு" என்று கொளுத்துவதையே நிறுத்திவிடும். கரி சேர்ந்துகொண்டே போகும், கடைசியில் வண்டி இழுக்காது. ஆக, அடைத்திருப்பது ஃபில்டர்தான், ஆனால் கெட்டுப்போனது ஃபில்டர் இல்லை! இந்த ஒரு விஷயத்தைப் பார்க்காமல்தான் ஒரு லட்சம் என்றார்கள்.

செங்கம் ரோட்டுப் பக்கம் தகரக் கொட்டகை போட்டிருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனார். "வண்டிய ராத்திரி இங்கயே உட்டுட்டுப் போண்ணா, காலைல ஸ்டார்ட் பண்ணாம பாக்கணும்" என்றார் அவர். ஏன் என்றால், ராத்திரி முழுக்க ஆறிய வண்டியில் எல்லா சென்சாரும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்ட வேண்டும். காலையில் ஸ்கேனரைச் செருகினால் டர்போவுக்கு முன்னால் இருப்பது 28, ஃபில்டருக்குப் பின்னால் இருப்பது 28. ஃபில்டருக்கு முன்னால் இருப்பது மட்டும் ஆயிரத்தை ஒட்டி! கோடு பி2033. அதாவது, இரண்டாவது வெப்பநிலை சென்சார் சர்க்யூட்டில் மின்னழுத்தம் அதிகம்.

இங்கேதான் பலபேர் உடனே சென்சாரை ஆர்டர் பண்ணிவிடுகிறார்கள். கோடு "சர்க்யூட்" என்றுதான் சொல்கிறது, சென்சார் என்று சொல்லவில்லை. ஒயரை எலி கடித்திருந்தாலும் இதே கோடுதான் வரும். மெக்கானிக் சென்சாரின் பிளக்கைக் கழற்றி, வண்டிப் பக்கத்தில் மீட்டர் வைத்தார். 5 வோல்ட் வந்தது. ஒரு துண்டு ஒயரால் அந்த இரண்டு பின்னையும் சேர்த்தார். ஸ்கேனரில் எண் தடாலென்று அடிமட்டத்துக்கு விழுந்தது, கோடு பி2032 ஆக மாறியது. ஒயரும் கம்ப்யூட்டரும் நன்றாக இருக்கின்றன என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பிறகு சென்சாரையே ஓம் மீட்டரில் அளந்தார். மீட்டர் அசையவில்லை, உள்ளே அறுந்திருக்கிறது. பக்கத்து நல்ல சென்சாரில் 222 ஓம்.

இந்த வகை சென்சாருக்குள் இருப்பது பிளாட்டினம். பூஜ்யம் டிகிரியில் 200 ஓம், சூடு ஏற ஏற ஓமும் ஏறும். சூடு ஏறினால் ஓம் இறங்குகிற வேறு ரகமும் உண்டு. அது குளிர்ந்திருக்கும்போது ஓம் எக்கச்சக்கமாக இருக்கும் என்பதால், நல்ல சென்சாரையே அறுந்துவிட்டது என்று நினைத்துவிட வாய்ப்புண்டு. அதனால்தான் அதே வண்டியில் இருக்கும் நல்ல சென்சாரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது.

ஏன் அறுந்தது? ஒயரைப் பிடித்திருக்கும் கிளிப் ஒன்றைக் காணோம். ஏதோ ஒரு வேலையின்போது கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை. ஒயர் தொங்கி ஆடி ஆடியே உயிரை விட்டிருக்கிறது. யார் கழற்றினார்கள் என்ற பஞ்சாயத்துக்கு அவர் போகவில்லை.

கழற்றுவதுதான் பெரிய பாடு. நட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. எண்ணெய் அடித்து, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டி வெதுவெதுப்பாக்கி, மறுபடி எண்ணெய் அடித்து, ஒரு பக்கம் வெட்டு விட்ட சாக்கெட்டை ஒயர் வழியாக நுழைத்து மெதுவாகத் திருகினார். அவசரப்பட்டு மரை போயிருந்தால் செலவு வேறு ரகம். புது சென்சாரின் மரையில் மட்டும் சூடு தாங்கும் கிரீஸ், முனையில் ஒரு பொட்டுகூடப் படக்கூடாது. காணாமல்போன கிளிப்புக்குப் பதில் புதிதாக ஒன்று.

அதோடு முடியவில்லை. டிப் ஸ்டிக்கை உருவினால் ஆயில் அளவு கோட்டுக்கு மேலே! பாதியில் நின்றுபோன கொளுத்தல்களின் டீசல், ஆயிலில் கலந்திருக்கிறது. "மொதல்ல ஆயில மாத்து, அப்புறம் செஞ்சி வரைக்கும் நிக்காம ஓட்டு" என்றார். ஸ்கேனரில் கரி அளவைப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னார். அளவு மிஞ்சியிருந்தால் ரோட்டில் ஓட்டி எரிப்பது ஆபத்து.

திண்டிவனம் ரோட்டில், நாலாவது கியரில், ஒரே சீராக. கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் கரி அளவு இறங்க ஆரம்பித்தது. செஞ்சிக்கோட்டை தெரிகிற இடத்தில் டேஷ்போர்டு சுத்தமாக இருந்தது. சென்சார், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து இருபதாயிரத்துக்குள். அன்று ராத்திரி பத்து மணிக்குச் சென்னை ஏர்போர்ட் சவாரி ஒன்று வந்தது. போய்விட்டு வந்தார். இப்போதெல்லாம் பத்து நாளுக்கு ஒருமுறை, சவாரி இல்லாவிட்டாலும் ஒரு எட்டு செஞ்சி வரை போய் டீ குடித்துவிட்டு வருகிறார்.