பொன் கொள்ளை

அன்று விசயதசமி. புனே நகரின் கட்கிப் பகுதிக்கு நாங்கள் குடிபெயர்ந்து நான்கு மாதங்களே ஆகியிருந்தன. எனக்கு அகவை பத்து. மராத்தியில் பத்துச் சொற்கள்கூடத் தெரியாது.

மாலையில் அடுத்த வீட்டுத் தோழி புத்தாடை உடுத்தி வந்தாள். "சல், சோன லுடாயலா ஜாவூ" என்று என் கையைப் பற்றினாள். 'சோன' என்றால் பொன் என்று அறிவேன். 'லூட்' என்னும் ஆங்கில வினைச்சொல்லையும் பள்ளியில் கற்றிருந்தேன். போரிலும் கலகத்திலும் பிறர் பொருளைக் கொள்ளையடித்தல் என்பது அதன் பொருள். பொன்னைக் கொள்ளையடிக்க அழைக்கிறாளே என்று அஞ்சிக் கையை உதறினேன், கதவைச் சாத்தினேன். அவள் முகம் வாடித் தனியே சென்றதைச் சாளரத்தின் வழியே கண்டேன்.

விளக்கேற்றும் வேளையில் அவளுடைய தாயார் எங்கள் வீட்டிற்கு வந்தார். நுனி இரண்டாகப் பிளந்த பச்சிலைகள் சிலவற்றை என் உள்ளங்கையில் வைத்து, "சோன க்யா, சோன்யாஸார்க்கே ராஹா" என வாழ்த்தினார். 'பொன்னைப் பெறுக, பொன்போல் வாழ்க' என்பது அதன் பொருள். ஆப்டா மரத்தின் இலைகளே அன்று அவர்களுக்குப் பொன். அவற்றை ஒருவருக்கொருவர் வழங்கி மகிழ்வதே மராத்தியரின் 'பொன் கொள்ளை'.

அம்மா இலையை உற்று நோக்கி, "இது நம் ஊர் ஆத்தி அல்லவா!" என்று வியந்தார். சோழர் மாலையாகச் சூடியதும், ஔவையாரின் 'ஆத்திசூடி' என்னும் நூற்பெயரில் நாம் காண்பதும் அந்த ஆத்தியே.

மறுநாள் காலை தோழியின் வீட்டு வாயிலில் நின்றேன். மன்னிப்புக் கேட்கும் மராத்திச் சொல் தெரியவில்லை. ஓர் இலையை மட்டும் நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டு, "சோன!" என்று சிரித்தாள்.

பின்னாளில் அச்சொல்லின் வரலாற்றைத் தேடினேன். 'லூட்' ஆங்கிலேயர் இந்தியாவில் கற்றுக்கொண்ட சொல். கொள்ளையிடுதலைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து இந்திக்கு வந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நுழைந்தது. 19ஆம் நூற்றாண்டின் போர்களால் எங்கும் பரவியது. 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியிலும் அது இடம்பெற்றுள்ளது. அதனைத் தொகுத்த இருவருள் ஒருவரான பர்னல், தஞ்சாவூரில் நீதிபதியாகப் பணியாற்றியவர்.

ஆங்கிலத்தில் அச்சொல் பெரும்பாலும் பறித்தலையே குறிக்கிறது. மராத்தியிலோ பறித்தலையும் குறிக்கும். விழா நாளில் பகிர்தலையும் குறிக்கும். நம் தமிழும் அவ்வாறே. 'கொள்' என்னும் வினையடியாகப் பிறந்தது 'கொள்ளை'. கள்வரின் செயலைக் கொள்ளை என்கிறோம். மலர்த் தோட்டத்தைக் கண்டாலோ 'கொள்ளை அழகு' என்கிறோம். இதனை அன்றே எண்ணிப் பார்த்திருந்தால், என் தோழியைக் கள்வர் கூட்டத்தில் சேர்த்திருக்க மாட்டேன்.

இன்று விசயதசமிதோறும் என் பிள்ளைகளை நானே அழைக்கிறேன்: "வாருங்கள், பொன் கொள்ளைக்குப் போவோம்!"