அலைக்கு டிக்கெட்

வேம்பார்ல தெருமுனை தாண்டினா கடல். ஆனாலும் அலை பார்க்க சாயல்குடி, அருப்புக்கோட்டை வழியா மதுரைக்குப் போய், அங்கிருந்து பரவை ‘அதிசயம்’ பார்க்குக்குப் போனோம். எல்லாம் மகளுக்காக.

பெரிய சறுக்கு பக்கம் அவளை விடலை, உயரம் பத்தாதுன்னு. அதுவும் நல்லதுக்குத்தான். நாள் முழுக்க அலைக்குளத்துலயே கிடந்தா. இந்த மாதிரிக் குளங்கள்ல பெரும்பாலும் சுவருக்குப் பின்னாடி ஒரு அறை இருக்கும். அதுக்குள்ள மோட்டார் காத்தை அடிக்கும், காத்து தண்ணியைத் தள்ளும், அலை வரும். ஸ்விட்சை அணைச்சா கடல் நின்னுடும்.

மகள் தண்ணியை நாக்குல தொட்டுப் பார்த்துட்டு, “அப்பா, உப்பு போட மறந்துட்டாங்க!”ன்னா.

எங்கம்மா கரையிலயே உட்கார்ந்துட்டாங்க. “காத்து எந்தப் பக்கம்னு தெரியாம எவன்டா அலையில எறங்குவான்?”

அடுத்த லீவுக்கும் அங்கேதான் போகணுமாம். ஆச்சி வரலையாம்.