அட்டையின் தலையில் ஒரு பேர்

ஆப்பிள் பை செய்வதில் கஷ்டம் ஆப்பிளில் இல்லை, மாவில்தான் இருக்கிறது. ஒஹாயோவில் குடியேறிய புதிதில் அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டில் தனியாக இருந்த எண்பது வயதுப் பெண்மணி. அவர் சொல்லித்தந்த விதத்தைப் பார்த்த பிறகுதான், காலமாகி வெகுநாளாகிவிட்ட எங்கள் பெரியம்மாவை நான் புரிந்துகொண்டேன்.

பெரியம்மாவின் அதிரசத்துக்கு ஊரில் அவ்வளவு பேர். ஓரம் மொறுமொறுப்பாக, நடுவில் விரலால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும். ஆனால் பாகு காய்ச்சும் நேரத்தில் யாரையும் அடுப்படியில் நிற்க விடமாட்டார். குழந்தைகளுக்கு ஏதாவது வேலை சொல்லி வாசலுக்கு அனுப்பிவிடுவார். அம்மா மட்டும் விடாமல் கேட்பாள். "அக்கா, பாகை எப்ப இறக்கணும்னாவது சொல்லேன்." "எல்லாம் கண்ணளவுதான், போடி." அவ்வளவுதான் பதில். அவர் போனதோடு எங்கள் வீட்டில் அந்த அதிரசமும் போயிற்று. கூடப்பிறந்த தங்கைக்குக்கூடச் சொல்லவில்லையே என்று எனக்கு அவர்மேல் தீராத கோபம். செத்துப்போனவர்மேல் இத்தனை காலம் கோபத்தை வைத்திருந்தேன் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஒஹாயோப் பாட்டியின் சமையலறையில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் 3 அங்குலத்துக்கு 5 அங்குல அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பண்டம். அட்டையின் தலையில் ‘இன்னாருடைய அடுப்படியிலிருந்து’ என்று அச்சடித்து, பேர் எழுத இடம் விட்டிருக்கிறார்கள். வெண்ணெய்க் கறை படிந்த ஆப்பிள் பை அட்டையில் அவருடைய அம்மாவின் பேர் இருந்தது. எலுமிச்சை பை அட்டையில் நாத்தனார் பேர். செர்ரி பை அட்டையில் தேவாலயத்துத் தோழி ஒருவர் பேர்.

அவர் அம்மா காலத்து அட்டையில் மாவுக்குப் பன்றிக் கொழுப்பு என்று இருந்தது. நான் சாப்பிடமாட்டேன் என்றதும், முழுக்க வெண்ணெயில் செய்யும் அளவைப் புதிய அட்டையில் எழுதி என் கையில் கொடுத்தார். மைதா 300 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 225 கிராம், உப்பு ஒரு டீஸ்பூன், ஐஸ் தண்ணீர் ஆறிலிருந்து எட்டு மேசைக்கரண்டி. அளவைக் கொடுத்ததோடு விடவில்லை. என் கையைப் பிடித்து மாவுக்குள் வைத்தார்.

சப்பாத்திக்கு மாவை அடித்துப் பிசைந்து பழகிய கைக்கு அது வேறு உலகம். இங்கே பிசையவே கூடாது. பிசைந்தால் பசைத்தன்மை ஏறி, பையின் மேலோடு தோல்போல் ஆகிவிடும். குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு போட்டு, விரல் நுனியால் மாவோடு உதிர்க்க வேண்டும். உள்ளங்கை பட்டால் வெண்ணெய் உருகும். பட்டாணி அளவுக் கட்டிகள் அங்கங்கே கண்ணுக்குத் தெரியும்போதே நிறுத்திவிட வேண்டும். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர்தான். சூட்டில் அது ஆவியாகி மேலே தள்ளும்போது மாவு ஏடு ஏடாகப் பிரிகிறது. முன்னாலேயே உருகிவிட்டால் ஏடு கிடையாது, பிஸ்கட்தான். தண்ணீர் போதுமா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து அழுத்தச் சொன்னார். பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். புட்டு மாவின் பதம்! அந்த நிமிஷத்தில் எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

கண்ணளவு என்று பெரியம்மா தள்ளிய விஷயம் இவ்வளவுதான். பொறுமையாக நின்று பார்த்தால் பட்டாணி அளவு, பிடிபடும் பதம் என்று எல்லாவற்றையும் வாயால் சொல்லிவிட முடிகிறது.

இவ்வளவையும் தூக்கிக் கொடுக்கிறீர்களே, உங்களுக்கு ஒன்றும் தோன்றாதா என்று ஒருநாள் கேட்டேன். "ஏன்? பேர்தான் மேலேயே இருக்கிறதே" என்றார்.

அமெரிக்காவில் இப்படிப் பேரோடு குறிப்பைக் கொடுப்பது பழைய வழக்கம். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864இல், மரியா மாஸ் என்ற பெண் பிலடெல்பியாவில் காயம்பட்ட சிப்பாய்களுக்கான நிதிக்காக ஒரு சமையல் புத்தகம் போட்டார். நிதி திரட்டப் போட்ட சமையல் புத்தகங்களில் முதலாவது என்று அதைத்தான் சொல்கிறார்கள். பிறகு தேவாலயம்தோறும், சங்கம்தோறும் பெண்கள் இப்படிப் போட்டார்கள். அவற்றில் பெரும்பாலும் ஒவ்வொரு குறிப்பின் கீழும் கொடுத்தவரின் பேர் இருக்கும். நம் பக்கத்தில் எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் ‘சமைத்துப் பார்’ புத்தகத்தைத் தன் பேரிலேயே வெளியிட்டார். இன்றும் அவர் பேரைச் சொல்லித்தான் அதை வாங்குகிறார்கள்.

பெரியம்மாவுக்கு அப்படி என்ன இருந்தது? பத்துப் பதினைந்து பேர் சாப்பிட்ட வீட்டில் வாழ்நாள் முழுக்க அடுப்பெரித்தவர். குழந்தை இல்லை. வீட்டிலோ நிலத்திலோ அவர் பேர் இல்லை. ஊரில் அவர் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தது அந்த அதிரசம் ஒன்றுதான். சொல்லிக்கொடுத்திருந்தால் அடுத்த தீபாவளிக்கே அது ‘எங்க வீட்டு அதிரசம்’ ஆகியிருக்கும். அதைப் பொத்தி வைத்துக்கொண்டதில் அவர் தப்பு எதுவும் இல்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். பேரோடு எழுதி வைக்கிறோம் என்று எங்களில் ஒருவர்கூட அவரிடம் சொன்னதில்லை.

பை செய்ய நினைப்பவர்களுக்கு மீதியையும் சொல்லிவிடுகிறேன். மாவை இரண்டாகப் பிரித்து ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். புளிப்பான பச்சை ஆப்பிள் ஒன்றேகால் கிலோ, தோல் சீவி மெல்லிசாக நறுக்கியது. சர்க்கரை 150 கிராம், சோளமாவு இரண்டு மேசைக்கரண்டி, பட்டைப் பொடி ஒரு டீஸ்பூன், எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி. 9 அங்குலத் தட்டில் ஒரு பாதி மாவைத் தேய்த்துப் பரப்பி, ஆப்பிளைக் குவித்து, மறு பாதியால் மூடி, ஆவி போக நாலு கீறல் போடுங்கள். 220 டிகிரி செல்சியஸில் இருபது நிமிஷம், பிறகு 190இல் முக்கால் மணி நேரம். கீறல் வழியே சாறு கெட்டியாகக் கொதித்து வந்தால் வெந்துவிட்டது. மூன்று மணி நேரமாவது ஆறவிடாமல் வெட்டாதீர்கள், சாறு ஓடிவிடும். நம் ஊர் வெயிலில் மாவு வேலையை விடியற்காலையில் முடித்துவிடுவது நல்லது.

இதைக் கொடுத்தவருக்குப் பத்திரிகையில் பேர் வருவது பிடிக்காது, அட்டையில் இருந்தால் போதும் என்பார். அதனால் இங்கே எழுதவில்லை. யாருக்கு அட்டை எழுதிக் கொடுத்தாலும் அந்தப் பாட்டியின் அம்மா பேரையும் பாட்டியின் பேரையும் எழுதித்தான் கொடுக்கிறேன். உங்கள் வீட்டிலும் அதிரசத்துக்கோ சோமாசிக்கோ பேர்போன ஓர் அத்தையோ பெரியம்மாவோ இருப்பார். தீபாவளிக்கு முன் ஒரு நோட்டோடு போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். முதல் வரியில் அவர் பேரை எழுதி, அதை அவருக்குக் காட்டிவிட்டு, அப்புறம் பாகுப் பதத்தைக் கேளுங்கள்.