இடுப்பளவுத் தண்ணீரில் நங்கூரம்

ராமேசுவரம் போகிற ரயில் மண்டபம் ஸ்டேஷனைத் தாண்டியதும் பெட்டியில் இருக்கிறவர்கள் அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் பாய்வார்கள். பாம்பன் பாலம் அப்படிப்பட்டது! 1914-ல் திறந்த பழைய பாலம் 2022 வரை ரயில்களைச் சுமந்தது. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதிய பாலம் வந்துவிட்டது. கப்பல் வந்தால் அதன் நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி நேராக மேலே எழும்புகிறது. பார்க்க வேண்டிய காட்சிதான், சந்தேகமில்லை.

ஆனாலும் அடுத்த தடவை போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். பாலத்தைக் குழந்தைகளுக்கு விட்டுவிட்டு, நீங்கள் கரையோரம் மிதக்கிற படகுகளைப் பாருங்கள். வாத்தியார் வந்ததும் கரும்பலகையைப் பார்த்து உட்காரும் பிள்ளைகள் மாதிரி எல்லாப் படகுகளும் காற்று வருகிற திசையைப் பார்த்து முகம் வைத்திருக்கும். ஒவ்வொன்றின் முன்தலையிலிருந்தும் ஒரு கயிறு தண்ணீருக்குள் இறங்கும். அந்தக் கயிற்றின் மறுநுனியில் என்ன இருக்கிறது என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். 'நங்கூரத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். குடும்பத்தின் சோறே அந்த நுனியில்தான் தொங்குகிறது.

பாலத்தில் நின்றால் இரண்டு பக்கமும் கடல். தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே பாக் விரிகுடா. (பாக் என்பவர் 1763 முதல் 1767 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஆங்கிலேயர். கடலுக்குப் பெயர் வைக்க வேறு ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது!) ஊர்க்காரர்கள் தென்கடல், வடகடல் என்றே சொல்லிவிடுகிறார்கள், அதுதான் அழகாகவும் இருக்கிறது. கோடையில் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசி பிறந்து வாடைக் காற்று கிளம்பிவிட்டால் நிலைமை தலைகீழ்.

வடகடலில் ஆழம் பெரும்பாலும் பத்து மீட்டரைத் தாண்டாது. கரையோரத்தில் வெகுதூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாத இடங்கள் உண்டு. 'அப்படியானால் பயமே இல்லையே! ஒரு கல்லைக் கட்டிப் போட்டால் படகு நின்றுவிடாதா?' என்று நானும் மண்டபம் கரையில் ஒரு அம்மாளிடம் கேட்டேன். ஐம்பது வயதைத் தாண்டியவர். கடற்பாசி வளர்க்கும் பெண்கள் குழுவைச் சேர்ந்தவர். மூங்கிலைப் பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி சதுரமாகக் கட்டி, குறுக்கே கயிறு ஓட்டி, அதில் பாசித் துண்டுகளை முடிந்து கடலில் மிதக்க விடுகிறார்கள். நாற்பத்தைந்து நாளில் அறுவடை. 2000-ஆம் ஆண்டை ஒட்டி பெப்சி கம்பெனி இந்தத் தொழிலை இங்கே கொண்டுவந்ததால், 'பெப்சி பாசி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பத்து மிதவைகளைச் சேர்த்துப் பிணைத்துப் பதினைந்து கிலோ இரும்பு நங்கூரத்தால் நிறுத்துகிறார்கள்.

"தண்ணி கம்மியா இருக்கிற எடத்துலதான் தாயி கவனம் வேணும்" என்றார் அந்த அம்மாள். "போன வாடையில எங்க வள்ளம் ராத்திரியோட ராத்திரியா கல்லை இழுத்துக்கிட்டுப் போயி மிதவை மேல ஏறிருச்சு. நாப்பது நாள் பாசி. விடிஞ்சு பாத்தா கரை பூராவும் மூங்கிலு."

வள்ளம் அவர் மகனுடையது. கடன் இன்னும் தீரவில்லை. அடுத்த வாடைக்குள் சரியான நங்கூரம் வாங்கியாக வேண்டும். தாயும் மகனும் இரும்புக் கடைக்குப் புறப்பட்டார்கள். நானும் கூடவே போனேன். புடவைக் கடைக்குப் போவதைவிடச் சுவாரசியமாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

முதலில் கல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல் நிற்பது வெறும் கனத்தால். ஆனால் தண்ணீருக்குள் போனதும் பத்துக் கிலோ கருங்கல் ஆறு கிலோ போலத்தான் கனக்கும். கிணற்றுக்குள் குடம் லேசாக இருக்கிறதே, அதே சங்கதிதான். இரும்பானால் பத்துக் கிலோவில் ஒன்றரைக் கிலோகூடக் குறையாது. மேலும் கல் தரையைக் கவ்வாது. காற்று தள்ளத் தள்ள உருண்டு கொண்டே போகும்.

மகனுக்குப் பிடித்தது கொக்கி நங்கூரம். நாலு நகம் விரித்த பூனைக்கால் மாதிரி இருக்கும். பார் என்று இவர்கள் சொல்லும் பாறைத் தரையில் அது நன்றாகப் பிடிக்கும். ஆனால் அங்கே பவளமும் இருந்தால் அதை உடைத்துவிடும். சேற்றிலோ, மெல்லிய நகங்கள் கத்தி வெண்ணெயில் போகிற மாதிரி கிழித்துக்கொண்டு வந்துவிடும். "எல்லாரும் இதுதான் வச்சிருக்காங்க. இருபது கிலோவுல எடுத்துருவோம்மா" என்றான் பிள்ளை.

அம்மாள் அதைக் கீழே வைக்கச் சொன்னார். ஒரு நகம் வானத்தைப் பார்த்து நின்றது. "தண்ணி வத்துனா வள்ளம் இது மேலதானடா உக்காரும்?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆழக் கடலில் இந்தக் கவலை கிடையாது. முழங்கால் தண்ணீரில், கடல் கொஞ்சம் உள்வாங்கினாலும் படகு தன் நங்கூரத்தின் மேலேயே இறங்கும். மேலே நீட்டிய நகம் அடிப்பலகையைத் துளைத்துவிடும். கப்பல் படங்களில் பார்க்கிறோமே, இரண்டு கொம்பும் குறுக்குத் தண்டும் உள்ள பழைய நங்கூரம், அதற்கும் இதே குற்றம்தான்.

மூன்றாவது, தட்டை நங்கூரம். இரண்டு அகலமான இரும்பு இலைகள். கீல் வைத்துச் சாய்கிற மாதிரி இருக்கும். டான்ஃபோர்த் என்ற அமெரிக்கர் 1940-ஐ ஒட்டி உருவாக்கியது; இரண்டாவது உலக யுத்தத்தில் கரைக்குச் சிப்பாய்களை இறக்கிய படகுகளில் இதைத்தான் வைத்திருந்தார்கள். மணலிலும் சேற்றிலும் இலைகள் கலப்பை மாதிரி உள்ளே புதையும். கனம் குறைவு, பிடி அதிகம், தரையில் படுத்தே கிடக்கும். கடற்புல் மண்டிய இடத்தில் மட்டும் புல்லின் மேல் வழுக்கும். அங்கே போடுவது பாவமும்கூட. அந்தப் புல்லைத் தின்றுதான் கடற்பசு உயிர் வாழ்கிறது. அதற்காகவே 2022-ல் பாக் விரிகுடாவில் ஒரு பாதுகாப்பகம் அறிவித்திருக்கிறார்கள்.

எட்டுக் கிலோவில் ஒரு தட்டை நங்கூரத்தை அம்மாள் எடுத்து வைத்தார். இருபதை விட்டு எட்டா என்று மகனுக்கு முகம் சுண்டிவிட்டது. கடைக்காரருக்கும்தான், அவர் கிலோ கணக்கில் விற்கிறவர் அல்லவா?

"மிச்சக் காசுக்குக் கயிறும் சங்கிலியும் எடு" என்றார் தாயார்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. நங்கூரத்தைப் பக்கவாட்டில் இழுத்தால் புதையும். மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஆகவே கயிறு நீளமாக, சாய்வாகப் போக வேண்டும். ஆழத்தோடு படகின் முன்தலை உயரத்தையும் கூட்டி, சாதாரண நாளில் அதைப்போல் ஐந்து மடங்கு, காற்று நாளில் ஏழு மடங்கு விட வேண்டும். மீனவர்கள் பாகத்தில் அளக்கிறார்கள். இரண்டு கையையும் நீட்டினால் ஒரு பாகம், சுமார் ஆறடி. தண்ணீர் ஒரு பாகம், முன்தலை அரைப் பாகம் என்றால், வாடைக்குப் பத்தரைப் பாகம் கயிறு!

ஆழம் குறைவுதானே என்று கயிற்றைச் சுருக்குகிறவர்கள்தான் படகை இழக்கிறார்கள். அறுபதடித் தண்ணீரில் அலை படகை இரண்டடி தூக்கினால் நங்கூரத்துக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆறடித் தண்ணீரில் அதே இரண்டடி, வெடுக்கென்று ஒரு பிடுங்கல். இரவெல்லாம் பிடுங்கினால் எது நிற்கும்? அதற்குத்தான் நங்கூரத்தை ஒட்டி இரண்டு பாகம் சங்கிலி; அது தரையோடு கிடந்து இழுப்பைத் தாழ்வாகவே வைக்கிறது. கயிறு நைலானாக இருந்தால் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். மிதக்கிற ரகக் கயிறு மலிவுதான். ஆனால் பக்கத்துப் படகின் விசிறியில் சிக்கி அறுந்துபோகும்.

நீளக் கயிற்றிலும் ஒரு சங்கடம் உண்டு. காற்று திரும்பினால் படகு பெரிய வட்டம் போட்டு அடுத்தவர் மேல் மோதும். நெருக்கமான துறையில் இதனால் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரண்டு நங்கூரம் போடுவார்கள். ஆனால் பின்பக்கத்தில் மட்டும் கட்டவே கூடாது. அலை நேரே உள்ளே ஏறிவிடும். கரைக்கு மிக அருகில் என்றால் ஒரு கம்பைச் சேற்றில் குத்திக் கட்டிவிடுவதும் உண்டு. இந்தக் குத்துக்கம்பைத்தான் அமெரிக்காவில், ஃபுளோரிடா பக்கத்து ஆழமில்லாத கடலில் தூண்டில் போடுகிறவர்கள், படகின் பின்னால் பொருத்தி பொத்தானை அமுக்கி இறக்குகிறார்கள். எட்டுப் பத்தடி ஆழம் வரை எட்டும். சத்தமில்லாமல் இறங்குவதால் மீன் கலையாதாம். நமக்கு ஒரு சவுக்குக் கம்பு போதும், இரவு முழுக்க விடாமல் அடிக்கும் வாடைக்கு மட்டும் போதாது.

மாலையில் வள்ளத்தைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மகன் நங்கூரத்தை வீசவில்லை. மெதுவாக இறக்கி, வள்ளம் பின்வாங்க வாங்கக் கயிற்றை விட்டான். அம்மாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தபடியே தண்ணீரில் நடந்து போனார். ஆழமில்லாத கடலில் இது ஒரு சௌகரியம், பாருங்கள். நங்கூரம் புதைந்ததா என்று நேரிலேயே போய்ப் பார்த்துவிடலாம்.

இடுப்பளவில் நின்று காலால் துழாவினார். ஒரு இலை மேலே தெரிந்ததோ என்னவோ, அதன் மேல் ஏறி நின்று இரண்டு தடவை மிதித்தார்.

"இன்னும் ரெண்டு பாகம் விடுடா!" என்று மகனுக்குக் குரல் கொடுத்தார்.