ஒரு படகு, இரண்டு பேட்டரிகள்



மீன்பிடிப் படகின் பேட்டரிக்கும் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நம் ஐந்தாம் ஆண்டு அறிவியல் பாடத்தில் தொடர் மின்சுற்றும் இணை மின்சுற்றும் வருகின்றன அல்லவா? அந்தப் பாடம் என் மாணவி ஒருத்தியின் வழியாக ஒரு படகுக்குள் போய்ச் சேர்ந்தது. அங்கே அது என்ன ஆகவிருந்தது என்பதை ஆசிரியர்களும் பெற்றோர்களும் அறிந்திருப்பது நலம் என்று கருதியே இதனை எழுதுகிறேன். கடலும் படகும் நமக்கெதற்கு என்று நினைப்பவரும், வீட்டில் கைவிளக்குக்குள் பழைய மின்கலத்தையும் புதியதையும் சேர்த்துப் போடுபவராயின், சற்றே பொறுத்து வாசிக்க வேண்டுகிறேன்.

பேராக் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் பாகான் டத்தோ வட்டாரத்தில் நம்மவர் பெரும்பாலும் தோட்டங்களை நம்பி வந்தவர்களின் வழித்தோன்றல்கள். கடலுக்குப் போகிறவர்கள் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் என் மாணவியின் தந்தை. நான் அவரை அண்ணன் என்றே அழைப்பேன். சிறிய ஃபைபர் படகு. 40 குதிரைத்திறன் கொண்ட வெளிப்பொருத்து இயந்திரம். மீன் கூட்டத்தையும் ஆழத்தையும் காட்டும் சோனார் திரை, அதிலேயே வழிகாட்டும் ஜி.பி.எஸ்., ஒரு வி.எச்.எஃப். வானொலி, சில எல்.இ.டி. விளக்குகள். இவையே அவருடைய மின்கருவிகள். பெரும்பாலும் தனியாகவே போவார்.

கரையிலிருந்து பார்ப்பவர்களுக்கு இக்கருவிகள் ஆடம்பரமாகத் தோன்றலாம். மலாக்கா நீரிணையோ உலகின் மிகவும் நெரிசலான கப்பல் வழிகளுள் ஒன்று. இரவில் விளக்கணைந்த சிறு படகை ஒரு பெரிய சரக்குக் கப்பல் காண்பது அரிது. கைத்தொலைபேசி அலை சில கடல்மைல்களுக்கு அப்பால் நிச்சயமில்லை. வி.எச்.எஃப். வானொலியின் 16ஆம் அலைவரிசைதான் ஆபத்தில் அழைப்பதற்கென்று உலகெங்கும் ஒதுக்கப்பட்டது. அந்த வானொலியின் உயிர் பேட்டரியில் இருக்கிறது.

2022இல் ஓர் இரவு அந்த உயிர் போயிற்று. அப்போது அவரிடம் இருந்தது ஒரே ஒரு ஈய அமிலப் பேட்டரி. இயந்திரத்தைக் கிளப்புவதும் அதுவே. கருவிகளுக்கு ஊட்டுவதும் அதுவே. இயந்திரத்தை நிறுத்திவிட்டு இரவு முழுவதும் சோனாரையும் விளக்கையும் ஓடவிட்டிருந்தார். விடியற்காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்னும் ஓசை மட்டுமே! கயிற்றை இழுத்தும் கிளம்பவில்லை. வானொலியில் கேட்க முடிந்தது. பேசுவதற்குப் பொத்தானை அழுத்தியதும் அது அணைந்துபோயிற்று. காரணம் எளிது. கேட்கும்போது வானொலி அரை ஆம்பியர் அளவே உண்ணும். 25 வாட் ஆற்றலில் பேசும்போது ஐந்தாறு ஆம்பியர் வேண்டும். களைத்த பேட்டரியால் அதைத் தாங்க முடியவில்லை. நண்பகலில் வேறொரு படகு கட்டியிழுத்து வந்தது. அதுவரை அவர் மனைவி படகுத்துறையில் நின்றிருக்கிறார். பிள்ளை அன்று பள்ளிக்கு வரவில்லை.

அதன் பிறகு கடன் வாங்கி 50 ஆம்பியர்மணி லித்தியம் பேட்டரி ஒன்றை வாங்கினார். பழையதை எறிய மனமில்லை. படகுத்துறை நண்பர் ஒருவர், தடித்த கம்பி இரண்டால் நேர்முனையோடு நேர்முனையையும் எதிர்முனையோடு எதிர்முனையையும் சேர்த்துவிட்டால் போதும் என்று சொல்லியிருக்கிறார். கட்டுவதற்கு முன் மகளிடம் கேட்டார். அவள் தயங்காமல், "இணையா கட்டுங்கப்பா. ஒண்ணு அணைஞ்சாலும் இன்னொண்ணு எரியும்" என்றாளாம்.

பதினொரு வயதுப் பிள்ளையின் அந்த விடையை நான் குறைத்து மதிக்க மாட்டேன். மின்குமிழ்களைப் பற்றி வகுப்பில் கற்றதை அவள் பேட்டரிகளுக்கு நீட்டியிருக்கிறாள். அறிவியல் சிந்தனை அப்படித்தான் தொடங்கும். ஆனால் மின்குமிழ் வாங்க மட்டுமே தெரிந்த பொருள். பேட்டரியோ கொடுக்கவும் செய்யும், வாங்கவும் செய்யும். இணையாகக் கட்டிய இரு மின்குமிழ்களில் ஒன்று செத்தால் மற்றதற்கு இழப்பில்லை. இணையாகக் கட்டிய இரு பேட்டரிகளில் ஒன்று கெட்டால் அது மற்றதைக் குடிக்கத் தொடங்கும்.

நல்ல வேளையாக அண்ணன் என்னிடமும் வந்தார். "சார், ரெண்டையும் ஒண்ணா கட்டிட்டா ரெண்டு மடங்கு வருமா?"

இதற்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் விடை கூற முடியாது. கடையில் இரண்டையும் 12 வோல்ட் பேட்டரி என்றே விற்கிறார்கள். உள்ளே இருப்பவை வேறு. ஈய அமிலப் பேட்டரியில் ஏறத்தாழ 2.1 வோல்ட் கொண்ட மின்கலங்கள் ஆறு தொடராக நிற்கின்றன. 1859இல் பிரான்சு நாட்டு காஸ்டன் பிளாந்தே வகுத்த அடிப்படை இன்றும் மாறவில்லை. லித்தியம் இரும்புப் பாஸ்பேட்டுப் பேட்டரியில் 3.2 வோல்ட் மின்கலங்கள் நான்கு. அந்தப் பொருளை 1990களில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் கண்டு சொன்ன குழுவின் தலைவர் ஜான் குடெனஃப். 2019இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது அவருக்கு வயது 97. ஏறத்தாழ 140 ஆண்டு இடைவெளியுள்ள இரு பொருள்களை ஒரு முழக் கம்பியால் கட்டிப் போடத்தான் நண்பர் யோசனை சொல்லியிருந்தார்!

மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். முழுமையாக மின்னேற்றி ஓய்ந்த நிலையில் ஈயப் பேட்டரி 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி தீர்ந்தது. அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் குறையும். அனுபவமுள்ள மீனவர்கள் இந்த எண்களை அறிவார்கள். 12.2 வந்தால் இயந்திரத்தைக் கிளப்பிவிட வேண்டும் என்பது அவர்களுக்குப் பழகிய கணக்கு. லித்தியமோ முழுமையில் 13.3 அளவில் நிற்கும். பிறகு பெரும்பகுதி நேரம் 13.0க்கும் 13.2க்கும் இடையிலேயே அசையாமல் இருக்கும். அது 12.6க்கு வந்துவிட்டால் ஏறத்தாழத் தீர்ந்துபோயிற்று என்று பொருள்.

இதை அண்ணனுக்குச் சொன்னபோது அவர் முகம் மாறிற்று. ஒரே 12.6, ஒன்றில் நிறைகுடம், மற்றொன்றில் அடித்தூர். இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டால் மானியில் தெரியும் எண்ணுக்கு எந்தப் பொருளைக் கொள்வது? அவர் பழக்கப்படி பேட்டரி நிறைந்திருக்கிறது என்று நம்பி வலை விட்டிருப்பார்.

இனி, ஓட்டத்தைப் பாருங்கள். உயரம் வேறான இரு நீர்த்தொட்டிகளைக் குழாயால் இணைத்தால் உயர்ந்த தொட்டியின் நீர் தாழ்ந்ததற்குள் பாயும். 13.3இல் நிற்கும் லித்தியம் 12.6இல் நிற்கும் ஈயத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஈயப் பேட்டரி நல்ல நிலையில் நிறைந்திருந்தால் இந்தப் பாய்ச்சல் சிறிது, பெருங்கேடில்லை. சோனாரும் வானொலியும் உண்பதை முதலில் லித்தியமே கொடுக்கும். அது தீரும் தறுவாயில்தான் ஈயம் பங்கு தரத் தொடங்கும். அப்படிக் கட்டிப் பல மாதம் ஓட்டியவர்களும் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அவர்கள் ஓட்டுவது இரண்டும் நலமாக இருக்கும்வரைதான். பழைய ஈயப் பேட்டரியில் ஒரு மின்கலம் உள்ளே குறுக்கிட்டுக் கெட்டால் மொத்தம் 10.5 வோல்ட்டாக இறங்கிவிடும். அப்போது லித்தியம் தன்னிடமுள்ளதையெல்லாம் அதற்குள் கொட்டும். ஈயப் பேட்டரி சூடேறும். ஹைட்ரஜன் வாயு கக்கும். மூடிய பெட்டி, பக்கத்தில் பெட்ரோல் தொட்டி. அதற்கு மேல் சொல்ல வேண்டுமா?

மின்னேற்றத்திலும் இரண்டுக்கும் ஒத்துப்போகாது. நீர் ஊற்றும் ஈயப் பேட்டரிக்கு 14.4 முதல் 14.8 வோல்ட் வரை கொடுத்து, பிறகு 13.5 அளவில் தொடர்ந்து பிடித்து வைத்திருக்க வேண்டும். குறையேற்றத்தில் விட்டால் தகடுகளில் சல்பேட்டு படியும். லித்தியத்துக்கு 14.2 முதல் 14.6 வரை போதும், நிறைந்தபின் நிறுத்திவிடலாம். லித்தியம் பேட்டரிக்குள் ஒரு காவல் மின்சுற்று இருக்கிறது. அளவு மீறினாலும் குறைந்தாலும் அது எந்த அறிவிப்புமின்றித் தொடர்பைத் துண்டித்துவிடும். இயந்திரம் மின்னேற்றிக்கொண்டிருக்கும்போது லித்தியம் மட்டுமே கட்டப்பட்டிருந்து, அத்துண்டிப்பு நேர்ந்தால், ஒரு கணம் மின்னழுத்தம் எகிறிச் சோனாரையும் வானொலியையும் சுட்டுவிடக்கூடும். ஈயப் பேட்டரி முனகி முனகிச் சாகும். விளக்கு மங்கும், திரை மினுக்கும், மனிதன் விழித்துக்கொள்வான். லித்தியம் சொல்லாமல் போகும். கடலில் எனக்கு அச்சம் தருவது இதுவே.

அப்படியானால் இரண்டு வகையும் ஒரே படகில் இருக்கக் கூடாதா? தாராளமாக இருக்கலாம், ஒன்றின் வேலையில் மற்றொன்று தலையிடாதிருக்க வேண்டும். இயந்திரத்தைக் கிளப்பும்போது ஏறத்தாழ நூறு ஆம்பியரோ அதற்கும் மேலோ ஒரு சில நொடி பாயும். அந்த முரட்டு வேலைக்கு ஈயம் பொருத்தமானது. அண்ணன் வாங்கிய லித்தியத்தின் காவல் மின்சுற்று 50 ஆம்பியருக்கு மேல் அனுமதிக்காது. அதே சமயம், கிளப்பும் நொடியில் மின்னழுத்தம் சடாரென்று விழுவதால் ஒரே பேட்டரியில் ஓடும் சோனார் அணைந்து மறுபடியும் தொடங்கும். இதை அவரே பலமுறை கண்டிருக்கிறார். ஆகவே இயந்திரத்துக்கு ஈயம், கருவிகளுக்கு லித்தியம். எதிர்முனைகள் பொதுவாக இருக்கலாம். நேர்முனைகளை நேரடியாகத் தொடவிடக் கூடாது.

கணக்கை மகளே போட்டாள். சோனாரும் ஜி.பி.எஸ்.ஸும் 1.5 ஆம்பியர், பத்து மணி நேரத்துக்கு 15. வானொலி கேட்பதற்கு 5, கால் மணி நேரம் பேசுவதற்கு 1.5. விளக்குகள் 10. கூட்டினால் 31.5 ஆம்பியர்மணி. ஐம்பதில் எண்பது விழுக்காட்டைப் பயன்படுத்தினாலும் 40 கிடைக்கிறது. ஈயத்தில் பாதியைத்தான் பயன்படுத்தலாம் என்பதால் அதே வேலைக்கு அறுபதுக்கும் மேற்பட்டது வேண்டும். அது பதினைந்து கிலோவுக்குக் குறையாது. லித்தியம் ஆறு கிலோ அளவே. பெருக்கலும் விழுக்காடும் இவ்வளவு கவனமாக அவள் செய்து நான் பார்த்ததில்லை. தேர்வுத் தாளில் வரும் 'அலியிடம் 40 மாம்பழங்கள் இருந்தன' என்பதைவிட அப்பாவின் வானொலி அவளுக்கு நெருக்கமானது போலும்.

இரண்டுக்கும் இடையில் மின்னேற்றும் கருவி ஒன்றைப் பொருத்தலாம். இயந்திரம் ஓடும்போது மட்டும் ஈயப் பக்கத்திலிருந்து அளவாக எடுத்து, லித்தியத்துக்கு உரிய மின்னழுத்தத்தில் அது கொடுக்கும். பெரிய படகுக்கு அதுவே முறை. இத்தகைய சிறிய இயந்திரத்தின் மின்னாக்கி கொடுப்பதோ கொஞ்சம். லித்தியம் அளவின்றி உறிஞ்சினால் அது சூடேறித் தவிக்கும். அண்ணன் வேறு வழியைத் தேர்ந்தார். ஆறு கிலோதானே என்று லித்தியத்தைக் கழற்றி வீட்டுக்குத் தூக்கி வந்து, அதற்கேற்ற மின்னேற்றியில் போடுகிறார். செலவும் குறைவு. எனக்கும் இதுவே சரியெனப் பட்டது.

பழைய ஈயப் பேட்டரியை வேலைப் பளு கொடுத்துச் சோதித்தபோது சில நொடிகளிலேயே சரிந்தது. அதனைப் பழைய உலோகக் கடையில் கொடுத்துவிட்டு, இயந்திரத்துக்குப் புதிய ஈயப் பேட்டரி வாங்கச் சொன்னேன். மீண்டும் செலவா என்று அவர் முகம் சுளித்தது நியாயமே. ஒவ்வொரு பேட்டரியின் நேர்முனையிலிருந்தும் ஒரு சாண் தொலைவுக்குள் உருகி ஒன்று வைத்தோம். உப்புக்காற்றைத் தாங்க வெள்ளீயம் பூசிய செப்புக்கம்பி. பேட்டரிப் பெட்டிகளுக்குக் கடல்நீர் புகாத மூடி. ஈயப் பேட்டரியின் அமிலத்தில் கடல்நீர் கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு எழும். ஈயப் பெட்டியின் மேற்புறத்தில் மட்டும் காற்றுப்போக வழி. லித்தியத்தை உறைபனியில் மின்னேற்றக் கூடாது என்று கையேட்டில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். பாகான் டத்தோவில் அந்தக் கவலை இல்லை. வெயிலில் பெட்டி கொதிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வோல்ட் மானியை நம்ப முடியாது என்பதால், உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் ஆம்பியர்மணியில் எண்ணி மீதியை விழுக்காட்டில் காட்டும் சிறு மானி ஒன்றையும் பொருத்தினோம். தனிப் பேட்டரி கொண்ட கையடக்க வி.எச்.எஃப். வானொலி ஒன்றும் உயிர்காப்பு அங்கியோடு இப்போது தொங்குகிறது.

வகுப்பிலும் ஒன்று செய்யத் தொடங்கியிருக்கிறேன். இணை மின்சுற்றுப் பாடம் முடிந்ததும் புதிய மின்கலம் ஒன்றையும், பழைய கைவிளக்கிலிருந்து எடுத்த ஒன்றையும், மின்னேற்றிப் பயன்படுத்தும் 1.2 வோல்ட் மின்கலம் ஒன்றையும் மேசைமேல் வைத்து மல்டிமீட்டரைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுகிறேன். உருவத்தில் ஒன்று, எண்ணில் மூன்று. இவற்றைச் சேர்த்துப் போட்டால் யார் கொடுப்பார், யார் வாங்குவார் என்று அவர்களே வாதிடுகிறார்கள். பாடநூலில் மின்கலங்கள் எல்லாம் ஒரே அச்சில் வரையப்பட்டிருக்கும். படகுத்துறையில் அப்படிக் கிடைப்பதில்லை. ஆசிரிய நண்பர்கள் முயன்று பார்க்கலாம். செலவு பத்து ரிங்கிட்டுக்குள்தான்.

படகில் இரண்டு பெட்டிகளின் மேலும் 'இயந்திரம்', 'கருவிகள்' என்று வெள்ளைச் சாயத்தால் எழுதியவள் அந்தப் பிள்ளைதான். அண்ணன் இரவில் தொலைபேசி அலை எட்டும் தொலைவில் இருந்தால் வீட்டுக்கு அழைப்பது வழக்கம். முன்பெல்லாம் மீன் கிடைத்ததா என்று கேட்ட அவர் மனைவி, இப்போது எத்தனை விழுக்காடு மீதி என்றுதான் முதலில் கேட்கிறாராம்.