ஸைத்தூன் மரத்தில் ஒரு சுங்கான்

காரைக்காலில் தச்சு வேலை கற்ற நான், பிரான்சின் தென்பகுதிக்குக் குடிவந்த முதல் ஆண்டு அது. அண்டை வீட்டு முதியவர் கட்டையொன்றுடன் வந்தார். மறைந்த மனைவி வளர்த்த ஒலிவ மரம் பட்டுப்போனதாம். அதில் புகை பிடிக்கும் சுங்கான் ஒன்று செய்து தரக் கேட்டார். வாப்பாவைப் புகைக்குப் பறிகொடுத்தவன் நான், தயங்கினேன். அவர் முகத்தைப் பார்த்தபின் மறுக்க இயலவில்லை.

ஸைத்தூன் என்று திருமறையில் ஓதி வளர்ந்த மரத்தை அன்றுதான் கையில் ஏந்தினேன். தேக்கும் வேம்பும் பழகிய உளிக்கு அது புதிது: தேக்கைவிடக் கனம், இழைகள் பின்னிக் கிடந்தன. இங்கே சுங்கானுக்கு வழக்கமாக எடுப்பது பிரையர் எனும் புதரின் வேரடி முண்டு. அதைப் பல மணி நேரம் வேகவைத்து, மாதக்கணக்கில் உலர்த்துவார்கள், எளிதில் கருகாது. ஸைத்தூனும் உதவும், அவசரமாக உலர்ந்தால் வெடிக்கும்.

கிண்ணத்தைக் குடைந்து, புகைவழி அதன் அடியில் சேருமாறு துளைத்தேன். மெருகிடும்போது மயிரிழை விரிசல் ஒன்று தெரிந்தது. மரத்தூளும் பசையும் இட்டால் மறைந்துவிடும். எவரும் அறியார், அல்லாஹ் அறிவான். சூடு பட்டால் பிளந்துவிடும். மாற்றுக் கட்டையும் இல்லை. என்னிடம் அமானிதமாகத் தந்த மரம் அது.

மறுநாள் விரிசலை அவரிடமே காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார், கோபிக்கவில்லை. "பற்றவைக்காமல் வைத்துக்கொள்கிறேன்" என்றார்.

வெறும் சுங்கானைக் கவ்வியபடி அவர் வாசலில் அமர்ந்திருப்பதைச் சில மாலைகளில் இன்றும் காண்கிறேன்.